விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கட்டுமா சார்?

வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மேடைக் கூச்சம் அதிகம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். குடியாத்தமோ பள்ளிகொண்டாவோ அணைக்கட்டோ, எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மைக்கை நீட்டினாலும் எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி எழுந்து வந்து, “அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்” என்று ஆரம்பித்து, குரலை ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, இறக்க வேண்டிய இடத்தில் இறக்கி, ஐந்தே நிமிடத்தில் கைத்தட்டலை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள். தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்த நாட்களையொட்டி மாவட்டந்தோறும் நடத்துகிற பேச்சுப் போட்டியில் முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்தது 3,000, அதற்கடுத்தது 2,000. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சிறப்புப் பரிசும் உண்டு. கலைத் திருவிழா வந்த பிறகு இன்னொரு மேடையும் சேர்ந்துகொண்டது. பேச வைப்பதில் நமக்கு ஒரு குறையும் இல்லை.

குறை எங்கே என்றால், அந்தப் பெண்ணை நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

நான் பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிற ஆள். சனிக்கிழமை மதியம் காட்பாடி காந்தி நகரில் நண்பர் ஒருவருடைய டியூஷன் சென்டர் மாடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விவாதம் சொல்லித் தருகிறேன். பாராளுமன்றப் பாணி விவாதம், தமிழில். வகுப்பு ஆரம்பித்த புதிதில் ஒரு பையன் வந்தான், பத்தாவது. பேச்சுப் போட்டிகளில் நிறையக் கோப்பை வாங்கியவன். தண்ணீர் சேமிப்பு பற்றிப் பேசச் சொன்னேன், பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது நிமிடத்தில் கையைத் தூக்கி, “தம்பி, மழைநீர் சேகரிப்புத் தொட்டி எல்லா வீட்டுலயும் இருக்குன்னு சொன்னீங்க, பாதி வீட்டுல அது மண்ணு மூடிக் கிடக்கே?” என்றேன். அவன் என்னைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். அப்புறம் ரொம்ப மரியாதையாக, “சார், விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்கட்டுமா?” என்றான். நான் பதில் சொல்வதற்குள் ஆரம்பித்தும்விட்டான். காட்பாடி ஜங்ஷனில் ரயில் அறிவிப்பு மாதிரி, கேட்கிறவன் யார், ஏறுகிறவன் யார் என்ற கவலையே இல்லாமல் அது பாட்டுக்குப் போய் முடிந்தது.

அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆசிரியர் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார், அவன் ஒப்பித்தான், அதற்குத்தான் இத்தனை நாளும் பரிசு கிடைத்தது. எதிரே ஒருத்தர் உட்கார்ந்து அவன் சொன்னதை மறுக்கப் போகிறார் என்கிற ஏற்பாடே அந்தப் போட்டியில் கிடையாது. பட்டிமன்றத்தில் எதிரணி உண்டு, வாஸ்தவம். எனக்குப் பட்டிமன்றம் ரொம்பப் பிடிக்கும், பொங்கலன்று டிவி முன்னால் முதல் ஆளாக உட்காருகிறவன் நான். ஆனால் அங்கேயும் பெரும்பாலும் அவரவர் சரக்கை அவரவர் இறக்கி வைப்பதுதான் நடக்கிறது. எதிரணிக்காரர் சொன்னதை எடுத்துக்கொண்டால்கூட அதைக் கேலி செய்வதற்காக எடுப்பார்கள், சிரிப்பு வந்துவிட்டால் வேலை முடிந்தது. கடைசியில் நடுவர் இரண்டு பக்கத்தையும் தட்டிக்கொடுத்து ஒரு தீர்ப்பு சொல்லுவார். பொழுது நன்றாகப் போகும். ஒரு பிள்ளையை யோசிக்கப் பழக்க அது போதாது.

பாராளுமன்றப் பாணி வேறு மாதிரி. பள்ளி மாணவர்களுக்கான உலக விவாதப் போட்டி 1988-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் தொடங்கியது, இன்றைக்கும் பல நாட்டுப் பள்ளி அணிகள் அதில் மோதுகின்றன. 2019-ல் பாங்காக்கில் நடந்தபோது இந்திய அணிதான் கோப்பையைத் தூக்கியது. நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? அந்த முறையில் ஒரு பக்கம் முன்மொழிகிற அணி, இன்னொரு பக்கம் எதிர்க்கிற அணி, மேடையேறுவது அணிக்கு மூன்று பேர். மாற்றி மாற்றி ஆளுக்கு 8 நிமிடம். ஆறு பேரும் பேசி முடித்த பிறகு இரண்டு அணியிலிருந்தும் ஒருவர் 4 நிமிடம் தொகுத்துப் பேசலாம், அதிலும் எதிர்க்கிற அணிதான் முதலில். தொகுப்பில் புதுசாக ஒரு வாதத்தை நுழைத்தால் நடுவர் அதைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார். சில தலைப்புகளை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள், சிலவற்றை அங்கேயே கொடுத்து ஒரு மணி நேரம் அவகாசம் தருவார்கள். இணையம் கிடையாது, சார் எழுதித் தர முடியாது.

இதில் என் மனசுக்குப் பிடித்த பகுதி குறுக்குக் கேள்வி. பேசுகிறவருடைய முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் அவருக்கே சொந்தம், தொடக்கூடாது. நடுவில் இருக்கிற ஆறு நிமிடத்தில் எதிரணியில் யார் வேண்டுமானாலும் எழுந்து நிற்கலாம். பேசுகிறவர் இஷ்டப்பட்டால் அனுமதிக்கலாம், இல்லையென்றால் கையசைத்து உட்காரச் சொல்லலாம். ஒருத்தரையும் அனுமதிக்காமல் பேசி முடித்தால் பயந்துவிட்டார் என்று மார்க் குறையும், வருகிறவரையெல்லாம் அனுமதித்தால் சொந்தப் பேச்சு சிதறிவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு 8 நிமிடம் ஜாஸ்தி, அதனால் ஐந்தாகக் குறைத்து வைத்திருக்கிறோம். எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் ஒரு தட்டு தட்டினால் கேள்வி ஆரம்பம், மறுபடி தட்டினால் கேள்வி முடிந்தது. டம்ளர் தட்டுகிற வேலைக்குத்தான் அங்கே பெரிய போட்டி.

முதல் சில வாரங்களில் நான் யாரையும் பேசவே விடுவதில்லை. ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் அச்சாகி வீணாய்ப்போன தாள்களைக் கட்டாக வாங்கி வருவேன். வெற்றுப் பக்கத்தில் நடுவில் ஒரு மடிப்பு. இடது பக்கம் எதிராளி சொன்னது, சிவப்புப் பேனா. வலது பக்கம் அதற்கு நம் பதில், நீலப் பேனா. சிவப்பில் எழுதாமல் நீலத்தில் எழுதக்கூடாது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஒரு பிள்ளைக்கும் வராது. சிவப்புப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னால் எதிராளி சொல்லாததையெல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். அவர் சொல்லுவார் என்று தாங்கள் நினைத்ததை, அல்லது சொன்னால் அடிக்க வசதியாக இருக்கும் என்று ஆசைப்பட்டதை. எதிராளியே எழுந்து, “ஆமா, நான் சொன்னது இத்தான்” என்று ஒப்புக்கொள்கிற வரைக்கும் சிவப்புப் பக்கத்தைத் திருத்தி எழுத வேண்டும். இந்த வேலையில் சிலர் அலுத்துப்போய் நின்றுவிடுவார்கள். கோப்பை வாங்கிப் பழகியவர்கள்தான் அதிகம் நிற்பார்கள் என்பது என் அனுபவம்.

மாடு விடும் விழா பற்றி ஒரு நாள் விவாதம் வைத்தோம். தை மாதம், பிள்ளைகள் எல்லோருக்கும் அதே பேச்சாக இருந்தது, சரி வையுங்கள் என்றேன். “எருது விடும் விழாவைத் தடை செய்ய வேண்டும் என்று இந்த அவை கருதுகிறது.” முன்மொழிந்த அணி வீட்டிலேயே நன்றாகத் தயாரித்து வந்திருந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது, 2017-ல் மெரினா போராட்டம் நடந்து மாநிலச் சட்டம் வந்தது, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது, எல்லாம் விரல் நுனியில். முதல் பேச்சாளர் திமிலைப் பிடித்துத் தொங்குவது, ஒரே மாட்டின் மேல் பத்துப் பேர் விழுவது, வாலைத் திருகுவது என்று உருக்கமாகப் பேசி முடித்தார். எதிரணியில் அணைக்கட்டுப் பக்கத்துப் பையன் எழுந்தான். அவன் மாமா வீட்டில் மாடு இருக்கிறது.

“அவங்க சொன்னது மதுரைப் பக்கத்து மாடு சார். இங்க மாட்ட எவனும் புடிக்கறதில்ல. தெருவுல அவுத்து உடறோம், அது ஓடுது, எந்த மாடு சீக்கிரம் கோட்டத் தாண்டுதுன்னு நேரம் பாக்கறோம். திமில எங்க தொட்டாங்கோ?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அடுத்து வரப்போகிற பெண்ணைப் பார்க்கத்தான் ஆவல். முன்மொழிந்த அணியின் இரண்டாவது பேச்சாளர் அவள், குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், அதிகம் பேசாத பெண். அவள் கையில் இருந்த இரண்டு தாளும் ஜல்லிக்கட்டு பற்றியவை என்பது எனக்குத் தெரியும். எழுந்தாள். தாளைப் பார்த்தாள். இரண்டையும் மடித்து பெஞ்சு மேல் வைத்துவிட்டு, சிவப்பும் நீலமுமாகக் கிறுக்கியிருந்த ஒரே ஒரு தாளோடு முன்னால் வந்தாள்.

“மாட்டப் புடிக்கறதில்லன்னு சொன்னாங்க. சரி, ஒத்துக்கறோம். ஆனா தெருவுக்கு ரெண்டு பக்கமும் ஜனம் நிக்குது. மாடு மிரண்டா ஓடறவன் ஒதுங்கிக்குவான், வேடிக்கை பாக்க வந்தவன் எங்க ஒதுங்குவான்? எங்க அணி முதல்ல மாட்டப் பத்திப் பேசுச்சு. நான் மனுஷனப் பத்திப் பேசறேன்.”

அதற்கப்புறம் அவள் பேசியது அவ்வளவு கோர்வையாக இல்லை, நடுவில் இரண்டு முறை நின்றுவிட்டாள், நேரமும் முழுசாக ஓடவில்லை. அந்த அணி தோற்றுப்போனது, அதுவும் நியாயமான தீர்ப்புதான். ஆனாலும் தயாரித்த தாளை ஒரு பதினைந்து வயதுப் பெண் எதிராளி சொன்னதற்காகக் கீழே வைத்தாளே, நான் சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு மாடியேறுவது அதற்காகத்தான். எந்தப் பேச்சுப் போட்டியிலும் அதற்கு மார்க் கிடையாது.

இன்னொரு தலைப்பு பாலாறு. எங்கள் மாவட்டத்தில் (இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகிவிட்டது, பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இன்னும் எல்லாம் ஒரே மாவட்டம்தான்) தோல் தொழிற்சாலை பற்றிப் பேசாமல் விவாதம் கற்றுத்தர முடியாது. தோல் ஆலைக் கழிவு ஆற்றைக் கெடுத்தது பற்றிய வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று சொல்லி ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. இந்தியாவில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் படிக்கிற தீர்ப்பு அது. 2025 ஜனவரியில் அதே பிரச்சினை மறுபடி அதே நீதிமன்றத்தில் தீர்ப்பாக வந்து நின்றது என்பதிலிருந்தே ஆற்றின் நிலைமை விளங்கும். தோல் ஆலைகளைப் பாலாற்றங்கரையிலிருந்து அகற்ற வேண்டும் என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் ஆலைகளுக்காகப் பேசும் பக்கம் யாருக்கு விழுந்தது தெரியுமா? வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போய் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற பையனுக்கு. அகற்றச் சொல்லி வாதாட வேண்டியவள் அம்மாவும் சித்தியும் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்.

அந்தப் பையன் முகம் சுண்டிவிட்டது. “சார், மாத்திக்கலாமா?” என்றான். முடியாது என்றேன். ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்து யோசித்துவிட்டு வந்தவன் ஆறு கெடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவன் வீட்டுக் கிணறே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். “ஆறு கெட்டுப்போச்சு, அத்த நான் மறுக்கல. அகற்றினா இன்னா ஆவும்? ஆலை வேற ஆத்தங்கரைக்குப் போவும். எங்க ஊரு ஜனம் வேலைக்கு அது பின்னாடியே போவும். கெட்ட தண்ணி இங்கயே இர்க்கும், சுத்தம் பண்ணக் காசு குடுக்க வேண்டியவன் ஊர்லயே இருக்கமாட்டான்” என்றான். ஆலைகளைத் தப்பவிடாமல் இங்கேயே கட்டிப்போட வேண்டும் என்பதைத் தன் பக்கத்து வாதமாக மாற்றிவிட்டான். அந்தப் பெண் விடவில்லை, எழுந்து நின்றாள். அவன் அனுமதித்தான். “கட்டிப்போட்டு வச்சிகினு இத்தினி வருஷமா எவன் காசு குடுத்தான்?” அவனிடம் பதில் இல்லை. இருந்தாலும் பின்னால் வந்த அவன் கூட்டாளி, “அப்படியே வச்சுக்கினாலும்…” என்று ஆரம்பித்து, அந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டே மேலே போனான். அந்த ஒரு விவாதத்தில் நான் கேட்டது, டிவி விவாதங்களில் ஒரு வருஷம் கேட்டதைவிட அதிகம். இதில் பெரிய மிகை எதுவும் இல்லை, டிவி விவாதம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

சீட்டுக் குலுக்குவதுதான் பெற்றோருக்குப் பிடிக்காத விஷயம். நெசவு வீட்டுக்காரர் ஒருத்தர், பெண்ணைக் கூட்டிப்போக வந்தவர், வாசலில் நின்று கேட்டார். “ஏன் சார், மனசுல ஒண்ணு வச்சிகினு வாயில ஒண்ணு பேசக் கத்துக்குடுக்கறீங்களா? அதுக்கா எம்பொண்ண அனுப்பறேன்?” சட்டென்று தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. எந்தப் பக்கமும் பேசத் தெரிந்து எந்தப் பக்கமும் நிற்காதவர்கள் ஊரில் இருக்கத்தான் செய்கிறார்கள். நான் சொன்னது இதுதான்: “அண்ணே, சீட்டுல எந்தப் பக்கம் விழுந்துதுன்னு உள்ள இருக்கற எல்லாருக்கும் தெரியும், அதனால யாரும் யாரையும் ஏமாத்தல. முடிஞ்சப்புறம் நெஜமா உன் எண்ணம் இன்னான்னு ஒவ்வொருத்தரையும் கேக்கறேன், காரணத்தோட சொல்லணும்.” அவர் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. பெண்ணை நிறுத்தவும் இல்லை.

எனக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு சாதிக்காரரையோ மதத்துக்காரரையோ மனுஷராக மதிக்கலாமா வேண்டாமா என்கிற மாதிரித் தலைப்பு எங்கள் மாடியில் வராது. இட ஒதுக்கீட்டை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று விவாதிக்கலாம். எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அங்கே உட்கார உரிமை உண்டா என்று விவாதிக்க முடியாது. இதைக் கோழைத்தனம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

ஏன் தமிழில் என்று கேட்பவர்கள் அதைவிட ஜாஸ்தி. இங்கிலீஷில் பழக்கினால் காலேஜ் போகும்போது உதவுமே என்கிறார்கள். உதவும். 2014-ஆம் ஆண்டுக்கான உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியே சென்னையில்தான் நடந்தது, அந்த உலகம் ஒன்றும் தூரத்தில் இல்லை. பள்ளிகளுக்கான உலகப் போட்டியிலேயே இங்கிலீஷை இரண்டாம் மொழியாகவும் அன்னிய மொழியாகவும் பேசுகிற அணிகளுக்குத் தனித்தனி அங்கீகாரம் வைத்திருக்கிறார்கள். தாய்மொழிக்காரனோடு சமமாக ஓட முடியாது என்று போட்டி நடத்துகிறவர்களுக்கே தெரியும். நம் ஊர் இங்கிலீஷ் விவாதத்தில் நான் பார்த்தது, நல்ல பள்ளிக்கூடத்து உச்சரிப்பு இருக்கிற பிள்ளை பாதி ஜெயித்துவிட்டே மேடையேறும். மற்ற பிள்ளை வார்த்தை தேடுவதிலேயே மூளையைச் செலவழித்துவிடும், எதிராளி சொன்னதைக் கேட்க மிச்சம் இருக்காது. கேட்டு, பிரித்து, மறுக்கிற வேலையை முதலில் தனக்கு வருகிற மொழியில் பழகட்டும், அப்புறம் எந்த மொழிக்கு வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தமிழிலேயே அணிக்கு அணி விவாதம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்கிறது. அவர்கள் செய்வதைத் தமிழ்நாட்டில் ஏன் இவ்வளவு குறைவாகச் செய்கிறோம் என்பது எனக்குப் புரியாத ஒன்று.

உண்மையில் எங்களுக்குப் பஞ்சம் நடுவர்களுக்குத்தான். உலகப் போட்டி முறையில் கருத்துக்கு 40, பேசும் விதத்துக்கு 40, உத்திக்கு 20 என்று 100 மார்க். நடைமுறையில் 60-க்குக் கீழும் போகமாட்டார்கள், 80-க்கு மேலும் போகமாட்டார்கள், சராசரிப் பேச்சுக்கு 70. நடுவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் மறந்துவிட்டு, பேப்பர் படிக்கிற ஒரு சாதாரண ஆளாக உட்கார்ந்து, அவையில் சொல்லப்பட்டதை மட்டும் வைத்து முடிவு சொல்ல வேண்டும். ஒரு அணி தப்பான தகவல் சொன்னால் அதைத் திருத்த வேண்டியது எதிரணி, நடுவர் இல்லை. பல வருஷம் பேச்சுப் போட்டிக்கு நடுவராக இருந்தவர்களுக்கு இது ரொம்பக் கஷ்டம். பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டிக்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். நடுவராக வந்த பெரியவர் சிவப்புப் பேனா, நீலப் பேனா எதையும் தொடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். முடிவில், “குரல்வளம் இந்தப் பக்கம், உச்சரிப்பும் இந்தப் பக்கம், ல-ள-ழ சுத்தம்” என்று சொல்லிப் பரிசைக் கொடுத்துவிட்டார். யார் எந்த வாதத்தை உடைத்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அணைக்கட்டுப் பையன் பஸ்ஸில் வரும்போது, “சார், அவரு கேக்கவே இல்ல” என்றான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அதனால் இதைப் படிக்கிறவர்களில் வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கம் இருக்கிற யாராவது மாதம் ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம் ஒதுக்க முடியுமென்றால் வாருங்கள், நடுவராக உட்காரப் பழக்கிவிடுகிறேன். தமிழ் இலக்கியம் படித்திருக்க வேண்டியதில்லை. மெக்கானிக், நர்ஸ், பேங்க் ரிட்டயர்டு, யாராக இருந்தாலும் சரி. தோற்ற அணியின் முகத்துக்கு நேராக ஏன் தோற்றீர்கள் என்று ஐந்து நிமிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கும், அதற்கு அவர்கள் மறுபடி கேள்வி கேட்பார்கள், கோபப்படக்கூடாது. தாளும் இரண்டு பேனாவும் நான் தருவேன், டீ உண்டு. மாடியில் மின்விசிறி ஒன்றுதான், ஏப்ரல் மே மாதத்தில் வருகிறவர்கள் துண்டு எடுத்து வருவது நல்லது.